பக்கத்து வீட்டுக் கிரைண்டர்

ஸ்டிக்கர் பொட்டு மைனஸ் எண்பது டிகிரிக் குளிரிலும் உதிராது என்று நீ அடித்துச் சொன்னபோது நான் நம்பவில்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நம்ப வேண்டியதாயிற்று. நம் ஆய்வகத்தின் இரண்டாம் மாடி ஃப்ரீசரின் கம்ப்ரசர் மக்கர் செய்தது. அவசர அவசரமாக எல்லாப் பெட்டிகளையும் வேறு ஃப்ரீசருக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். அடித்தட்டின் பின்மூலையில் பனியோடு பனியாக ஒட்டிக் கிடந்த ஒரு பெட்டியை என் ஆய்வு மாணவி பெயர்த்தெடுத்தாள். மூடியைத் திறந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், யாரோ டியூபுக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்காங்க. பேர் எதுவும் இல்ல. தூக்கிப் போட்றலாமா?"

வாங்கிப் பார்த்தேன். கையுறை போட மறந்து வாங்கியதால் விரல் எரிந்தது, அது பிறகுதான் உறைத்தது. விரல் நுனி அளவு டியூப்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டு, அதன் மேல் கண்ணாடி டேப். ஒரு வரிசை அரக்கு, ஒரு வரிசை பச்சை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பயந்து தண்ணீர் எடுக்க ஓடினாள்.

மார்க்கர் எழுத்து ஆல்கஹால் பட்டால் அழிகிறது என்று நாங்கள் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த காலத்தில், நீ தி. நகர் நடைபாதையில் பத்து அட்டை பொட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். "நெத்தி வேர்வைக்கே தாங்குது, இதுக்குத் தாங்காதா?" என்றாய். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்த டியூபுக்கு அரக்கு, சோதிக்கும் மாற்றம் செய்ததற்குப் பச்சை. உன்னைக் கேலி செய்தவர்கள்கூட மூன்றாம் மாதம் உன்னிடமே பொட்டு கேட்டு வந்தார்கள்.

அதனால் பார்த்த உடனே தெரிந்தது, இது உன்னுடைய முழுமையான ஒரு பரிசோதனை. எது என்றுதான் தெரியவில்லை. ஆறு வருடம் ஒரே மேஜையில் முழங்கை இடிக்க உட்கார்ந்து வேலை செய்தவர்கள் நாம். நீ மதியத்துக்கு என்ன குழம்பு கொண்டுவந்தாய் என்பதுவரை எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத ஒரு பெட்டி உன்னிடம் இருந்திருக்கிறது. மூடியின் உள்பக்கம் பென்சிலில் உன் நோட்டுப் புத்தகத்தின் எண்ணும் பக்க எண்ணும் இருந்தன.

நீ என்னை மயிலாப்பூரு என்று கூப்பிடுவாய். என் வீட்டுத் தமிழையும் உன் தமிழையும் கலந்து, "இன்னா மயிலாப்பூரு, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்று காலையில் பையை வைக்கும்போதே ஆரம்பிப்பாய். நான் குளத்தங்கரையிலிருந்து இருபது நிமிடத்தில் அடையாறு வந்து சேர்ந்து, வெயில் என்று அலுத்துக்கொள்வேன். நீ பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாய். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த உங்கள் வீட்டை இடித்து உங்களை அங்கே அனுப்பிய கதையை ஒரே ஒரு முறைதான் சொன்னாய், அதையும் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். உன்னோடு சேர்ந்து சிரிப்பது எனக்கு அவ்வளவு சுலபமாக வரும்.

நம் சண்டை எதைப் பற்றி என்று இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. செல் ஒரு மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. என்ற நகலை எடுக்கும், அந்த நகலைப் பார்த்துப் புரதம் செய்யும். பள்ளியில் படித்தது அவ்வளவுதான். ஆனால் நீளநீளமாக நகல் எடுத்துவிட்டு, அதிலிருந்து எந்தப் புரதமும் செய்யாத இடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நீ பிடித்துக்கொண்டாய். அதற்கு ஒட்டினாற்போல, செல்லின் வளர்ச்சியை நடத்தும் மரபணு ஒன்று இருந்தது. அந்த நீண்ட மரபணு மும்முரமாகப் படிக்கப்படும் செல்களில் பக்கத்து மரபணு அடங்கியிருப்பதை முதலில் கவனித்தது நீ. "இது ஓடுனா அது அடங்குது. இன்னாமோ கீது" என்றாய்.

நான் செய்தது புத்திசாலித்தனமான வேலை என்று அப்போது நினைத்தேன். அந்த நீண்ட நகல்தான் பக்கத்து மரபணுவை அடக்குகிறது என்றால், நகலை அழித்துவிட்டால் அது தலைதூக்க வேண்டும் அல்லவா? துண்டு துண்டாக நறுக்கி அழித்தேன். கிட்டத்தட்ட எல்லா நகலும் காலி. பக்கத்து மரபணு அசையவே இல்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து, இந்த மரபணு எதையும் செய்யவில்லை, சும்மா இருக்கிறது என்று அறிவித்தேன். திரையில் பெரிய எழுத்தில் போட்டேன்.

நீ கையை உயர்த்தினாய். உனக்கு மேடைப் பேச்சு வராது. கொஞ்சம் திணறிவிட்டு உங்கள் பழைய வீட்டிலிருந்து ஆரம்பித்தாய். நாலு வீட்டுக்கு ஒரே ஒயரில் கரண்ட் வரும். பக்கத்து வீட்டு அக்கா மாவு விற்பவள். சாயங்காலம் நீ பரீட்சைக்குப் படிக்க உட்காரும் நேரத்தில்தான் அவள் கிரைண்டரைப் போடுவாள், உங்கள் பல்பு மங்கிவிடும். உன் அம்மா சண்டைக்குப் போனால் சமாதானமாக ஒரு தூக்கு மாவு வரும்.

"மாவால பல்பு மங்கல சார். கிரைண்டர் ஓடறதாலதான் மங்குது. மாவைத் தூக்கிக் கீழ கொட்டிட்டா லைட்டு எரியுமா? இவ மாவைக் கொட்டியிருக்கா. ஓடறத நிறுத்திப் பாக்கணும் சார்."

முதலில் சிரித்தது நம் ஆய்வகத் தலைவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும். நான் சிரித்ததோடு நிற்கவில்லை. "அப்போ சாம்பாருக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டேன். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. நீயும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாய். அந்த வேலையை அத்தோடு மூடச் சொல்லி உன்னை வேறு திட்டத்துக்கு மாற்றினார்கள். என் கட்டுரை வந்தது. என் பெயர் முதலில், உன் பெயர் நடுவில் எங்கோ. அதை வைத்துத்தான் இங்கேயே ஆசிரியர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பழைய நோட்டுகள் இருக்கும் அலமாரிச் சாவி இப்போது என்னிடம்தான். உன் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.  வெளியே பெட்டிகளை இழுக்கிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

நீ கிரைண்டரை நிறுத்தியிருக்கிறாய். யாரிடமும் சொல்லாமல், எல்லோரும் கிளம்பிப்போன பிறகு, சனிக்கிழமை மதியங்களில். நகலைத் தொடவே இல்லை. அந்த நீண்ட மரபணுவின் ஆரம்பத்திலேயே 'இங்கே நிறுத்து' என்று செல்லுக்குச் சொல்லும் ஒரு சின்னத் துண்டைப் புகுத்தியிருக்கிறாய். செல் படிக்க ஆரம்பித்த உடனே நின்றுவிடுகிறது. பக்கத்து மரபணு எழுந்துகொண்டது. துண்டைச் செருகியதால் அந்த இடமே கெட்டுப்போயிருக்கலாம் என்று யாராவது கேட்பார்களே என்று, நிறுத்தும் சொல் இல்லாத அதே நீளத் துண்டை வேறு செல்களில் செருகிப் பார்த்திருக்கிறாய். அவைதான் அரக்குப் பொட்டு. அங்கே ஒன்றும் மாறவில்லை. அதோடு விட்டாயா? முழு நகலையும் வேறு வழியாகச் செல்லுக்குள் திரும்பக் கொடுத்துப் பார்த்திருக்கிறாய், அதாவது மாவைத் திரும்ப ஊற்றியிருக்கிறாய். பக்கத்து மரபணு அதைச் சட்டைகூடச் செய்யவில்லை.

நகல் முக்கியமில்லை. அந்த இடம் படிக்கப்படுகிறது என்பதுதான் பக்கத்து மரபணுவை அடக்குகிறது. நீ அன்று அவ்வளவு பேர் முன்னால் சொன்னதும் இதையேதான். என் பரிசோதனையில் ஒரு பிழையும் இல்லை, கேள்விதான் தப்பு. அதைச் சரியாகச் செய்து, தப்பான ஒன்றை நிரூபித்து, அதன் மேல் ஏறி நின்று வேலை வாங்கியிருக்கிறேன்.

அதிர்ச்சி அத்தோடு முடிந்திருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் இரண்டு வரி இருந்தது. ஆய்வக நோட்டில் தமிழில் எழுதக் கூடாது என்று உன்னை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

"இன்டர்வியூ முடியட்டும். மொதல்ல இவகிட்ட சொல்லணும், அப்புறம்தான் சாருக்கு."

தேதியைப் பார்த்தேன். என் நேர்காணலுக்கு மூன்று வாரம் முன்பு. அப்போது நீ வாயைத் திறந்திருந்தால் என் பேச்சு அங்கேயே படுத்திருக்கும். உன்னைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தின் முன்னால் நீ ஜெயித்திருப்பாய். நீ பெட்டியை மூடி ஃப்ரீசரின் மூலையில் தள்ளிவிட்டு, என் ஒத்திகைகளுக்கு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாய். தப்பு என்று உனக்குத் தெரிந்த படத்தை நான் காட்டும்போது, "வேகமாப் பேசற, மூச்சு வுட்டுப் பேசு" என்று மட்டும் சொன்னாய்.

பிறகு தி. நகர் ஞாபகம் வந்தது. அதுவரை அதை ஒரு சந்தோஷமான நாளாகத்தான் வைத்திருந்தேன்.

வேலைக்கான கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை. சேரும் நாளுக்குப் புடவை வாங்க ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் உன்னை இழுத்துக்கொண்டு அலைந்தேன். நீ என் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பொட்டு விற்பவரிடம் நின்று பச்சை அட்டை மட்டும் தனியாகக் கேட்டாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு விஷயம் கீது மயிலாப்பூரு. நின்னுக்கினு பேசற விஷயம் இல்ல. எங்கனா உக்காந்து பேசணும்" என்றாய். என்ன என்று கேட்டேன். "உனக்குக் கோவம் வரும்" என்றாய். நான் சிரித்து, இன்றைக்கு எந்தக் கோபமும் வேண்டாம், வேலையில் சேர்ந்துவிட்டு அடுத்த வாரம் உட்கார்ந்து பேசலாம் என்றேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாய். கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய். நான் குடித்துக்கொண்டே என் புது அறையில் ஜன்னல் இருக்குமா என்று பேசிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை அடையாறு பஸ் நிறுத்தத்தில் விழுந்தாய். மூளையில் ரத்தக்கசிவு. மறுநாள் நீ இல்லை.

அந்த 'விஷயம்' ஏதோ கல்யாண விஷயம் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்த அன்று உன் அம்மாவிடமே, அவள் யாரையோ மனதில் வைத்திருந்தாள் போல, என்னிடம் சொல்ல வந்தாள் என்று சொல்லித் தொலைத்தேன். உன் அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார்கள். 

உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. நீ சொன்னபடியே வந்தது. நான் கேட்காவிட்டால் என்ன, அந்த நெரிசலில் என் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் என்ன அவ்வளவு கண்ணாடிப் பாத்திரமா? இதை நோட்டைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன். தண்ணீர் கொண்டுவந்த மாணவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உன் டியூப்களில் இருந்தவை அந்தச் செல்களிலிருந்து நீ பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ. அன்று மதியமே அளந்தேன். யாரையும் தொட விடவில்லை. பச்சைக்கும் அரக்குக்கும் நீ எழுதியிருந்த அதே வித்தியாசம் வந்தது. உன் செல்கள் திரவ நைட்ரஜன் தொட்டியில் நோட்டில் குறித்த இடத்திலேயே இருந்தன. அவற்றை எழுப்பி வளர்த்து, முழுவதையும் புதிதாகச் செய்தேன். ஒரு இடத்தில்கூட நீ தவறவில்லை. கடைசி அளவு வந்தபோது, தப்பாக இருக்கட்டும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்துக்கொண்டுதான் திரையைப் பார்த்தேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன்.

இன்னும் கேவலமான ஒன்றும் இருக்கிறது. என் குழு முழுக்க அந்தப் பழைய கட்டுரையின் மேல்தான் நிற்கிறது. கடைசி அளவு வந்த பிறகு இரண்டு நாள் எனக்கு ஒரு யோசனை ஓடியது. பெட்டி யாருடையது என்று இப்போது இங்கே இருக்கும் யாருக்கும் தெரியாது. பழைய முடிவை மறுபடி ஆராய்ந்தோம், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்று என் ஆய்வகத்தின் பெயரிலேயே எழுதிவிடலாம். தப்பும் மறையும், பெயரும் வரும். முதல் பத்தியைத் தட்டச்சுகூடச் செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. உன் அம்மா இன்னும் அங்கேதான் கீரை விற்கிறார்கள். பெரும்பாக்கத்தில் யாருக்கும் தன்னைத் தெரியாது, இங்கேதான் வாடிக்கை என்று தினமும் பஸ்ஸில் வருகிறார்கள். கீரைக்கட்டுகள் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நான் உட்காரச் சாக்கை உதறிப் போட்டார்கள்.

உன் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமே என்று தடுமாறி, கடைசியில் அன்று கிரைண்டர் பற்றி நீ சொன்னது உண்மைதான் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்கள்.

"அன்னிக்கு அது சோறு துண்ணல. இன்னாடின்னு கேட்டா, நம்ம பக்கத்து வூட்டு கிரைண்டர் கதைய சொன்னேம்மா, எல்லாரும் சிரிச்சிட்டாங்கன்னுச்சு." சரிந்திருந்த ஒரு கட்டை நேராக்கி வைத்தார்கள். "நீகூட சிரிச்சியாமே கண்ணு."

 நீயும்தானே சிரித்தாய், அதனால் ஒன்றுமில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நீ வீட்டுக்குப் போய் அதைச் சொல்லியிருக்கிறாய். சாப்பிடாமல் படுத்திருக்கிறாய். அதற்கப்புறம்தான் எனக்காக அந்தப் பெட்டியை மூடி வைத்திருக்கிறாய். அங்கே, கீரைக்கட்டுகளுக்கு நடுவில், வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். உன் அம்மா என்னைத் தேற்றவில்லை. வாங்க வந்தவர்களுக்கு இரண்டு கட்டு கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் சொன்னார்கள்:

"எல்லாரும் இருக்கற எடத்துல சிரிச்சீங்க. எல்லாரும் இருக்கற எடத்துலயே சொல்லிடு."

போன வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன். ஓய்வுபெற்றுப் போன நம் தலைவரையும் கூப்பிட்டிருந்தேன், வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். முதலில் என் பழைய படத்தைப் போட்டு, இது தப்பு, தப்பாகச் சொன்னது நான் என்றேன். பிறகு ஆற்றோர வீடு, ஒரே ஒயர், மாவு விற்கும் அக்கா என்று நீ சொன்ன வரிசையிலேயே சொன்னேன். மாவைக் கொட்டினால் லைட் எரியுமா என்ற இடம் வந்ததும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, சிரிப்பு வருகிற இடம்தான் அது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசி ஆள் அடங்கும்வரை நின்றேன். போன முறை இதற்கு நானும் சிரித்தேன், அதனால் ஒருத்தி இதைத் தனியாகச் செய்ய வேண்டியதாயிற்று என்று சொல்லிவிட்டு உன் முடிவைத் திரையில் போட்டேன். அரக்குக் கோடுகள், பச்சைக் கோடுகள். நம் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார். இது யார் செய்த வேலை என்று அவர்தான் கேட்டார். இனிஷியலோடு உன் பெயரைச் சொன்னேன்.

என் கட்டுரை தவறு என்று அதை வெளியிட்டவர்களுக்கு எழுதிவிட்டேன். புதுக் கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையது. இதனால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. ஒரு பச்சைப் பொட்டை உரித்து என் அடையாள அட்டையின் பின்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். கூட்டத்தில் யாராவது தங்கள் வீட்டைச் சொல்லிப் பேச ஆரம்பித்தால் என் கை தானாக அதைத் தொடுகிறது, அவர்கள் முடிக்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.

சனிக்கிழமை உன் அம்மாவிடம் போய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்றேன். சிரித்தார்களா என்று கேட்டார்கள். சிரித்தார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள் என்றேன். ஒரு முளைக்கீரைக் கட்டை எடுத்து, வேர் மண்ணைத் தட்டி என் பையில் வைத்தார்கள். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைப் போல மெதுவாகக் கேட்டார்கள்.

"அப்போ, கிரைண்டர நிறுத்தினதும் லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதும்மா" என்றேன்.